புதுப்பிப்பு: பி.எல்.ஜி.ஏ. நுண்கோளங்களில் முதல் நாள் கசிவு

முந்தைய இழையில் நின்ற கேள்வி: மருந்து கரைந்த நீரைப் பாலிமர் கரைசலில் துளிகளாக்கி, அதை மீண்டும் வெளிநீரில் துளிகளாக்கும் இரட்டைக் குழம்பு முறையில் செய்த பி.எல்.ஜி.ஏ. (உடலில் மெல்லச் சிதையும் பாலிமர்) நுண்கோளங்கள், ஒரு மாதத்துக்கான பெப்டைடு மருந்தில் பெரும்பங்கை முதல் நாளிலேயே ஏன் கொட்டிவிடுகின்றன?

பாலிமரைச் சந்தேகிக்கும் முன் வெளிநீரைப் பாருங்கள். உள்துளியில் மருந்தும் உப்பும் கரைந்திருக்க, வெளியே வெறும் 1% பி.வி.ஏ. (துளிகள் ஒன்றுசேராமல் காக்கும் பாலிவினைல் ஆல்கஹால்) கரைசல் என்றால், சவ்வூடு அழுத்தத்தால் நீர் உள்ளே பாய்ந்து துளைகளை உண்டாக்கும். வெளிக்கரைசலில் 0.9% சோடியம் குளோரைடு சேருங்கள், போதாவிட்டால் கூட்டலாம். பாலிமரைக் கரைக்கும் டைகுளோரோமீத்தேனில் அதன் செறிவை உயர்த்துவதும் உதவும். ஆனால் துளிகள் பெருத்து ஊசியை அடைக்கும். கலக்கும் வேகத்தையும் கூட்ட வேண்டிவரும்.

மேற்பரப்பில் ஒட்டிய மருந்தைக் குளிர்ந்த நீரில் கழுவிவிட்டு உலர்த்துங்கள். பி.எல்.ஜி.ஏ.வின் கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலையே (பாலிமர் இறுக்கம் இழந்து இளகத் தொடங்கும் வெப்பநிலை) ஏறத்தாழ 45–50 டிகிரி செல்சியஸ்தான். ஈரமும் கரைப்பான் மிச்சமும் அதை மேலும் இறக்கும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் கோளங்கள் ஒட்டிக் கட்டியாகிவிடும், ஊசிக்கு உதவாது.