‘ஃபேரிங்’ என்பதற்கு என்ன சொல்? ஒழுக்கா, சாய்சீவலா?

வணக்கம். விடுமுறைப் பட்டறையில் பிள்ளைகள் ‘அன்னபூரணி அம்மாள்’ கப்பலின் மாதிரியை மரத்தில் செய்யப் போகிறார்கள். 89 அடிக் கப்பல், 1:48 அளவில் 22¼ அங்குலம். செய்முறை ஏடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஏரா (கப்பலின் நீள அடிமரம்), வங்கு (அதில் நிற்கும் விலாச் சட்டம்), அணியம் (கப்பலின் முன்முனை) எல்லாம் அகராதியிலேயே கிடைத்துவிட்டன. ‘ஃபேரிங்’ மட்டும் நிற்கிறது. ஏராவில் வங்குகளை நிறுத்திய பிறகு, பலகை நன்றாகப் படியும்படி வங்கு விளிம்புகளை உப்புத்தாளால் சாய்வாகத் தேய்க்கும் வேலை அது. நடுவில் தேய்ப்பு குறைவு, அணியத்தை நெருங்க நெருங்கச் சாய்வு கூடும். மெல்லிய ரீப்பரை வளைத்து வைத்தால் எந்த வங்கிலும் இடைவெளி தெரியக் கூடாது. அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினால் பிள்ளைகள் சைக்கிள் பேரிங் என்கிறார்கள்.
— பட்டறை ஆசிரியர்

சொல் நம்மிடமே இருக்கிறது: ஒழுக்கு. “வார்தல் போகல் ஒழுகல் மூன்றும் நேர்பும் நெடுமையும் செய்யும் பொருள” என்கிறது தொல்காப்பிய உரியியல். தடங்கலின்றி நீண்டு செல்வதுதான் ஒழுகல். சிறுபாணாற்றுப்படையில் “மால்வரை ஒழுகிய வாழை” வருகிறது. உப்பு வணிகரான உமணரின் வண்டி வரிசைக்கும் ஒழுகை என்றே பெயர். வங்கு நிரையும் ஓர் ஒழுகைதானே? ஒழுங்கு, ஒழுக்கம் எல்லாம் இந்த வேரில் பிறந்தவை. இதை விட்டு வேறெங்கே தேட வேண்டும்?
— தஞ்சை

ஐயா, விளக்கம் அழகு. ஆனால் எங்களூரில் தோணி ஒழுகுது என்றால் தண்ணீர் உள்ளே வருகுது என்றுதான் அர்த்தம். வல்வெட்டித்துறையில் கட்டிய அந்தப் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அதன் ஏட்டில் ‘ஒழுக்கு’ என்று தலைப்புப் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. கை செய்கிற வேலையைச் சொன்னால் போதும்: சாய்சீவல்.
— வல்வெட்டித்துறை

சாய்சீவலுக்கு என் வாக்கும். வினைத்தொகை, ஆகவே ‘சாய்ச்சீவல்’ என்று ஒற்றுப் போட்டுவிடாதீர்கள்.
— கோவை

கூரை ஒழுகுகிறது என்பதற்காகத் தொல்காப்பியர் தந்த சொல்லைக் கைவிடுவதா? இடம் பார்த்துப் பொருள் கொள்வதுதான் தமிழ். சீவல் என்றால் எங்கள் ஊரில் பாக்கு.
— தஞ்சை

சரி, நேரம் இல்லை. இரண்டு பேர் சாய்சீவல் என்கிறீர்கள், அதையே போடுகிறேன். ஒழுக்கு அடிக்குறிப்பில் வரும்.
— பட்டறை ஆசிரியர்

அச்சுக்குப் போகுமுன் ஒன்று. நான் மாதிரிக் கப்பல் செய்கிறவன். ஒரு வங்கு அதிகம் தேய்ந்துவிட்டால் அதன்மேல் மெல்லிய மரச்சீவை ஒட்டி உயர்த்தி, மறுபடி ரீப்பர் வைத்துப் பார்ப்போம். அதுவும் ஃபேரிங்தான். ஒட்டி உயர்த்துகிற வேலையைச் சீவல் என்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வீர்கள்?
— தூத்துக்குடி