பாற்பல் காயம்: 'அடைப்பு' வேண்டாம், 'தூர்வு' என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

பாற்பல் காயம் பற்றிப் பெற்றோருக்கு நாம் தயாரிக்கும் கையேட்டுக்கு நீங்கள் முன்வைத்த தமிழ்ச் சொற்களைப் பற்றி எழுதுகிறேன். 'பல்ப்' (பல்லின் உள்ளே நரம்பும் இரத்தக்குழாய்களும் உள்ள மென்மையான திசு) என்பதற்குப் பற்கூழ் என்ற சொல்லே போதும். 'பல் மஜ்ஜை' என்றால் எலும்பு மஜ்ஜையோடு குழம்பும். என் சிக்கல் அடுத்த சொல்லில்தான். 'பல்ப் கனால் ஆப்லிட்டரேஷன்' என்பதற்குக் 'கூழ்க்குழாய் அடைப்பு' என்று சொல்லியிருக்கிறீர்கள். அதை ஏற்க மனம் வரவில்லை.

நடப்பதைப் பாருங்கள். இரண்டு வயதுக் குழந்தை விழுந்து மேல் முன்பல்லில் அடிபடுகிறது. பல் லேசாக ஆடி, பிறகு நிலைத்துவிடுகிறது. கூழ் சாகவில்லை. ஆனால் அதன் ஓரத்துச் செல்கள் உள்சுவரில் டென்டினை (பல்லின் உட்சுவராக அமைந்த கடினத் திசுவை) படியவைத்துக்கொண்டே போகின்றன. எக்ஸ்ரேயில் பல்லின் நடுவே கறுப்பாகத் தெரிந்த கூழறை, மாதங்கள் போகப் போக மெலிந்து, கடைசியில் தெரியாமலே போய்விடும். வெளியே பல் மஞ்சளிக்கும். பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படாது. வேர் வழக்கம்போல் கரைந்து, ஆறேழு வயதில் பல் தானாக விழும்.

பெற்றோருக்கான கையேட்டு வரைவில் 'அடைப்பு' என்று எழுதி, ஒரு தாயிடம் படிக்கக் கொடுத்தேன். "அடைப்பை எப்போது எடுப்பார்கள்?" என்றார். அந்தச் சொல் அப்படித்தான் கேட்கவைக்கும். அடைப்பு என்றால் வெளியிலிருந்து ஏதோ வந்து சிக்கியிருக்கிறது, நீக்கியாக வேண்டும் என்றுதானே பொருள்?

கிணறு தன் கரை சரிந்தே தூர்ந்துபோகும். இங்கேயும் பல்லின் சுவரே வளர்ந்து உள்ளறையை நிரப்புகிறது. சோர் சோர்வானது போல, தீர் தீர்வானது போல, தூர் என்பதிலிருந்து தூர்வு. ஆகவே 'கூழறைத் தூர்வு'. தூர் என்றதும் தூர்வாருவது நினைவுக்கு வராதா என்று கேட்பீர்கள். வரும்தான். ஆனாலும் மெல்ல, தானாக நிரம்பியது என்ற பொருள் இதில்தான் கிடைக்கிறது.

அப்புறம், 'நெக்ரோசிஸ்' (திசு செத்துப்போவது) என்பதற்குக் 'கூழ் அழுகல்' வேண்டாம். கிருமி சேராமலும் கூழ் மடியலாம். 'கூழ் மடிவு' என்போம். அதையும் சாம்பல் நிறத்தையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. அடிபட்ட பாற்பல் சாம்பல் நிறமாகி, பிறகு வெளுப்பதும் உண்டு. ஈறில் சீழ்க்கொப்புளம், வீக்கம், கூடிவரும் ஆட்டம், எக்ஸ்ரேயில் வேர்நுனி எலும்புச் சிதைவு போன்றவை தெரிந்தால்தான் மடிவு என்று சொல்ல முடியும். எனவே நிறமாற்றத்தைச் 'சாம்பல் நிறமாதல்' என்றே எழுதுவோம். 'செத்த பல்' என்ற தலைப்பைக் கையேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.