உபுண்டு 24.04: ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பை நீக்கினாலும் திரும்ப வருகிறது

கேள்வி:
வினாத்தாள் தயாரிக்க ஒரு சிறு நிரல் எழுதி வைத்திருக்கிறேன். முன்னோட்டத்துக்காக அது ஒரு எச்டிஎம்எல் கோப்பை டிஎம்பி என்ற தற்காலிகக் கோப்புறையில் எழுதி உலாவியில் திறக்கும். உபுண்டு 24.04 லினக்ஸுக்கு மாறியதிலிருந்து ‘கோப்பு இல்லை’ என்கிறது ஃபயர்ஃபாக்ஸ். கோப்பு அங்கேதான் இருக்கிறது! செயலியை மற்ற கோப்புகளிலிருந்து அடைத்து வைத்து இயக்கும் ஸ்னாப் பொதி வடிவம்தான் காரணம் என்று படித்து அதை நீக்கினேன். மென்பொருள் நிறுவும் கட்டளையான ஆப்ட் வழியாக நிறுவினேன். மீண்டும் ஸ்னாப்பே வந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டு முறை முயன்றுவிட்டேன். திங்கட்கிழமை தேர்வு, உதவுங்கள்.

மறுமொழி 1:
உங்கள் மேல் தவறில்லை. 22.04 முதல், ஆப்ட் மென்பொருளை எடுக்கும் உபுண்டு களஞ்சியத்தில் உள்ள ஃபயர்ஃபாக்ஸ் டெப் (ஆப்ட் நிறுவும் பொதி வடிவம்) வெறும் கூடுதான். ஸ்னாப்பை இறக்குவதே அதன் வேலை. ஸ்னாப் செயலிக்குத் தனி டிஎம்பி உண்டு என்பதால் உங்கள் கோப்பு அதன் கண்ணில் படாது.

ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா 2024 ஜனவரி முதல் தன் சொந்த ஆப்ட் களஞ்சியத்தில் டெப் தருகிறது. அதைச் சேருங்கள். ஆனால் அதோடு நிறுத்தினால் மறுபடியும் ஸ்னாப்தான் வரும். உபுண்டுவின் கூட்டுக்கு இட்ட பதிப்பு எண் ‘1:’ என்று தொடங்குகிறது. அந்த முன்னொட்டு இருந்தால், மொசில்லாவின் எண் எவ்வளவு பெரிதானாலும் ஆப்ட் கூட்டையே புதியதாகக் கொள்ளும். ஆகவே ஆப்ட்டின் பிரிஃபரன்சஸ் கோப்புறையில் மொசில்லாவுக்கு முன்னுரிமை 1000 என்று எழுதி வையுங்கள். நிறுவும் முன் ‘ஆப்ட் பாலிசி’ கட்டளையில் எது முன்னே நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

மறுமொழி 2:
ஸ்னாப்பை அடியோடு ஒதுக்க வேண்டாம் ஐயா. டெப் பொதியின் நிறுவல் நிரல்கள் ரூட் (முழு நிர்வாகி) அதிகாரத்தில் ஓடுகின்றன. முன்பின் தெரியாத பக்கங்களையெல்லாம் திறக்கும் உலாவியை அடைத்து வைப்பது நல்ல காப்பு. முன்னோட்டத்தை வீட்டுக் கோப்புறைக்குள், புள்ளியில் தொடங்காத பெயருள்ள ஒரு கோப்புறையில் எழுதுங்கள். ஒரு வரி மாற்றம் போதும்.

மறுமொழி 1:
அடைத்து வைப்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆப்ட்டில் கேட்டவருக்கு வேறொரு வடிவத்தைக் கொடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் 2020-இல் தன் 20-ஆம் பதிப்பில், ஸ்னாப்பை இயக்கும் ஸ்னாப்டியை ஆப்ட் நிறுவாதபடி தடுத்ததும் இதற்காகத்தான். அப்போது சிக்கல் குரோமியம் உலாவியில்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. தேர்வு நெருங்குவதால் முதலில் கோப்புறையை மாற்றினேன். முன்னோட்டம் உடனே திறந்தது. வினாத்தாள் அச்சுக்குப் போன பிறகு மொசில்லா களஞ்சியத்தையும் சேர்த்து முன்னுரிமை கொடுத்தேன். இப்போது டெப்பே நிலைத்து நிற்கிறது. மெனு மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் மொழிப் பொதியைத் தனியாக நிறுவியதும் அதுவும் சரியாகிவிட்டது.