தினசரி நாளுக்குள் நிஜமாகவே எதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறீர்கள்?

மூன்றாம்மாடி (கேள்வி)

வணக்கம். வேலைக்காக இந்த ஊருக்கு வந்து ஏழு மாதமாகிறது. காலை ஏழரைக்கு பஸ், மாலை ஏழுக்கு வீடு. வேலையில் குறையில்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. ஆனால் போன வாரம் அம்மா போனில் "அப்புறம், என்ன விசேஷம்?" என்று கேட்டபோது சொல்வதற்கு ஒன்றுமே வாயில் வரவில்லை. திங்கட்கிழமையையும் புதன்கிழமையையும் பிரித்துச் சொல்ல ஒரு அடையாளம்கூட இல்லை. அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சின்ன வயதில் நான் இப்படி இல்லை. எறும்பு வரிசையின் குறுக்கே விரலால் ஒரு கோடு இழுத்துவிட்டு, அவை தடுமாறி, தேடி, மறுபடி வழியைக் கண்டுபிடிக்கும்வரை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பேன். யாராவது வந்து இழுத்துக்கொண்டு போனால்தான் எழுவேன்.

சுற்றுலா, வகுப்பு, புதுப் பொழுதுபோக்கு எதற்கும் நேரமில்லை. இருக்கிற நாளுக்குள்ளேயே நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள்? 'இயற்கையை ரசியுங்கள்' என்று பொதுவாகச் சொல்லாமல் எதை, எங்கே நின்று, எத்தனை மணிக்கு என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ரோஜாத்தொட்டி

எனக்கு பால்கனியில் இருப்பது ஒரே ஒரு ரோஜாச் செடி. ஒருநாள் பார்த்தால் இலை ஓரமெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டினாற்போல அரைவட்டம் அரைவட்டமாகக் காணோம். பூச்சி அரிக்கிறது என்று மருந்தடிக்கப் போனேன். நல்லவேளை, விடுமுறை நாள், அவசரமில்லை. கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தேன்.

சாம்பல் நிறத்தில் ஒரு தேனீ வந்தது. இலை விளிம்பின் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து, வாயால் வெட்டிக்கொண்டே வளைந்து நகர்ந்தது. சில நொடிதான். துண்டு அறுந்தால் அதோடு சேர்ந்து இதுவும் விழுமே என்று நான் பதறும்போது, அறுந்த அந்தக் கணத்திலேயே இறக்கை விரிந்தது. துண்டை வயிற்றுக்கு அடியில் மடக்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். இலைவெட்டித் தேனீயாம். கூட்டமாக வாழாது, ஒவ்வொரு பெண் தேனீயும் தனியாகவே கூடு கட்டும். வெட்டிய இலையைத் தின்பதில்லை. நீள்வட்டத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருட்டிக் கிண்ணம் மாதிரி செய்யும். உள்ளே மகரந்தமும் பூந்தேனும் பிசைந்த உருண்டை, அதன்மேல் ஒரு முட்டை. மேலே மூடுவதற்கு மட்டும் வட்டத் துண்டு! வட்டத்துக்கும் நீள்வட்டத்துக்கும் தனித்தனி வேலை என்று படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. என் வீட்டில் அது கட்டியிருந்தது துணிக்கொடிக்காகச் சுவரில் துளையிட்டு, ஆணி அடிக்காமல் விட்ட ஓட்டைக்குள். இன்றுவரை அந்த ஓட்டையை நான் அடைக்கவில்லை.

நீங்கள் கேட்ட கணக்குப்படி சொன்னால்: ரோஜாச் செடி, பால்கனி மூலை, காலை ஆறேமுக்காலிலிருந்து பத்து நிமிடம். இடத்தை மாற்றாதீர்கள். முதல் நாலைந்து நாள் ஒன்றும் கண்ணில் படாது. அதற்குப் பிறகு நேற்று இல்லாதது இன்று இருப்பது தானாகத் தெரியும்.

இரவுவானம்

மொட்டை மாடி இருக்கிறதா? சர்வதேச விண்வெளி நிலையத்தைப் பாருங்கள். நகர வெளிச்சத்திலும் நன்றாகத் தெரியும். இருட்டத் தொடங்கிய நேரத்தில், அல்லது விடிவதற்குச் சற்று முன், மேற்குப் பக்கமிருந்து கிளம்பி, விமானம் போலச் சிமிட்டாமல் ஒரே சீராக நகர்ந்து போகும். சுமார் 400 கிலோமீட்டர் உயரம், மணிக்கு ஏறக்குறைய 28,000 கிலோமீட்டர் வேகம். 2000 நவம்பரிலிருந்து அதில் ஆள் இல்லாத நாளே கிடையாது.

சில மாலைகளில் நடுவானிலேயே மங்கி அணைந்துவிடும். ஏமாந்துவிடாதீர்கள், அதுதான் பூமியின் நிழலுக்குள் அது நுழைகிற இடம். நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' செயலியில் உங்கள் ஊருக்கான நேரமும் திசையும் கிடைக்கும். தனியாகப் பார்க்காதீர்கள், யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

ஸ்டியரிங்

இருபத்திரண்டு வருடமாக பஸ் ஓட்டுகிறேன், அதனால் நானும் ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஏறும்போது என் முகத்தைப் பார்த்துத் தலையசைப்பவர்கள் ஒரு நடைக்கு நாலு பேர் இருந்தால் அதிகம். அந்த நாலு பேரும் எனக்கு மனப்பாடம். தடித்த கண்ணாடி போட்ட ஒரு அம்மா இரண்டு வாரம் வரவில்லை. அந்த நிறுத்தம் வரும்போதெல்லாம் என் கால் தானாக பிரேக்குக்குப் போகும். திரும்பி வந்த அன்று "கண் ஆபரேஷன் தம்பி, இப்போ உங்க முகம் நல்லாத் தெரியுது" என்றார். அன்று முழுக்க வண்டி ஓட்டியது அலுப்பாகவே இல்லை.

தினமும் அதே ஏழரை வண்டிதானே, தங்கச்சி? ஓட்டுகிறவரைப் பார்த்து ஒரு வணக்கம் சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி

அண்ணா, இதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. ஆனால் எனக்குக் கூச்சம் அதிகம். பக்கத்து சீட்டில் இருப்பவருக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று நினைத்தே பேசாமல் இருந்துவிடுவேன்.

மடித்தகுடை

அந்த எண்ணம் எல்லோருக்கும் உண்டு, பெரும்பாலும் தப்பாகவும் இருக்கும். சிகாகோவில் பஸ், ரயில் பயணிகளை வைத்து நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் செய்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. சிலரைப் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னார்கள், சிலரைத் தனியாக அமைதியாக இருக்கச் சொன்னார்கள். பேசினால் பயணம் நன்றாக இருக்காது என்றுதான் மக்கள் கணித்தார்கள். நடந்ததோ நேர் எதிர், பேசியவர்களுக்குத்தான் பயணம் இனிமையாக இருந்தது.

இன்னொன்று. முன்பு பிடித்ததெல்லாம் வாரக்கணக்கில் பிடிக்காமல் போய், தூக்கமும் பசியும் கெட்டால் அது வேறு விஷயம், மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு வருடம் அப்படி இருந்தது. அப்போது வானவில்லைக் காட்டினாலும் எரிச்சல்தான் வந்திருக்கும். உங்கள் எழுத்தில் அது தெரியவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.

மூன்றாம்மாடி (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

செடி வாங்கவில்லை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே குழாயும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு அரச மரக் கன்று முளைத்திருக்கிறது. ஏழு மாதமாக அங்கேதான் பாத்திரம் கழுவுகிறேன், கண்ணில் பட்டதே இல்லை. முதல் வாரம் நாலு இலை, இப்போது ஆறு. புது இலை செம்பழுப்பாக, ஈரம் காயாதது மாதிரி பளபளவென்று வருகிறது. சுவருக்கு ஆகாது என்பதால் எடுக்கத்தான் வேண்டும். வேர் அறுந்துவிடாமல் எடுத்து எங்கே நடலாம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஓட்டுநருக்கு வணக்கம் சொல்ல ஒன்பது நாள் ஆனது. பதிலுக்கு அவர் "உட்காருங்க, உட்காருங்க" என்றார், அவ்வளவுதான். மறுநாள் நான் ஓடி வருவதைப் பார்த்து வண்டியை நிறுத்தி வைத்திருந்தார்.

விண்வெளி நிலையத்தை வியாழக்கிழமை பார்த்தேன். எதிர்வீட்டு அக்காவும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் மாடிக்கு வந்தார்கள். அம்மாவுக்கும் போன் போட்டு அங்கே மாடிக்கு ஏறச் சொன்னேன். இரண்டு ஊருக்கும் நடுவே முந்நூறு கிலோமீட்டர் இருக்கும், அவளுக்குத் தெரியுமா என்று சந்தேகம்தான். சரியாக 7.04-க்கு எனக்குத் தெற்கே ஒரு வெளிச்சம் ஏறியது. அதே நொடியில் போனில் அம்மா, "ஏய், வடக்கால போவுதுடி, பாத்தியா, பாத்தியா!" என்று கத்தினாள். அது அணைகிறவரை இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.