புதுப்பிப்பு: லைசின் 24 மணி நேரத்துக்கு மேல் உயராமல் நின்றதற்குக் காரணம் பிளாஸ்மிட் இழப்பு

பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

லைசின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்க, கோரினேபாக்டீரியம் குளூட்டாமிக்கம் என்ற பாக்டீரியாவின் லைஸ்-சி மரபணுவில் 311ஆம் இடத்துத் திரியோனின் என்ற அமினோ அமிலம் ஐசோலூசினாகும்படி மாற்றி, பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டி.என்.ஏ. வளையம்) வைத்திருந்தேன். அந்த மரபணு தருவது லைசின் உருவாக்கத்தைத் தொடங்கும் அஸ்பார்டோகைனேஸ் நொதி. லைசினும் திரியோனினும் சேர்ந்து அதை முடக்குவது இதனால் நீங்கும். ஆனாலும் ஒரு நாளுக்குப் பின் லைசின் ஏன் உயரவில்லை என்பதே என் கேள்வி.

காற்றோட்டம் குறைவு என்றார்கள் சிலர். குடுவையில் திரவத்தைப் பாதியாகக் குறைத்தும் பயனில்லை. பிளாஸ்மிட் கழன்றிருக்கும் என்றவரின் கணிப்பே சரி. பிளாஸ்மிட் உள்ள செல்களை மட்டுமே வளரவிடும் கனாமைசின் என்ற ஆன்டிபயாடிக் இல்லாமல் நொதிக்க விட்டது என் தவறு. 48ஆம் மணி நேர மாதிரியைச் சாதாரணத் தட்டில் வளர்த்து, ஒவ்வொரு காலனியையும் பல்குச்சியால் தொட்டுக் கனாமைசின் தட்டில் வைத்தேன். பாதிகூட முளைக்கவில்லை.

அவர் சொன்னபடியே, சுக்ரோஸ் இருந்தால் செல்லைக் கொல்லும் சாக்-பி மரபணு கொண்ட பிளாஸ்மிட் வழியாக மாற்றத்தைக் குரோமோசோமிலேயே பதித்து, அந்தப் பிளாஸ்மிட் நீங்கிய செல்களை 10% சுக்ரோஸ் தட்டில் தேர்ந்தெடுத்தேன். அதில் பிழைத்தவற்றுள் பல, பழைய மரபணுவுக்கே திரும்பியிருந்தன, டி.என்.ஏ. வரிசையைப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள். இப்போது லைசின் 48 மணி நேரம் வரை சீராக ஏறுகிறது.

எதிர்பாராதது பிஎச் (அமில-கார அளவு). அம்மோனியம் சல்பேட் செலவாகச் செலவாக அது 6-க்கும் கீழே சரிந்தது. கால்சியம் கார்பனேட் தூள் போட்ட பிறகே 7-ஐ ஒட்டி நின்றது. அந்த வெண்தூள், செல் வளர்ச்சியைக் காட்டும் கலங்கல் அளவீட்டைக் கெடுக்கும். மாதிரியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கலந்து, நுரை அடங்கித் தூள் கரைந்த பிறகு அளவிடுங்கள்.