குன்னூர்ப் பயணமும் சிவப்பு எச்சரிக்கையும்: எங்கள் குடும்பக் குழுவிலிருந்து

2025 மே 24, சனிக்கிழமை

அண்ணன் (காலை 9.10): அனைவருக்கும் வணக்கம். இன்றிரவு பத்து மணிக்குத் திருச்சியிலிருந்து வேனில் புறப்பட்டு, விடிந்ததும் மேட்டுப்பாளையம் வழியாகக் குன்னூர் வந்து சேர்வதாகத் திட்டம். வண்டிக்கு இ-பாஸ் எடுத்தாகிவிட்டது. ஜூன் 2 அன்று பள்ளி திறக்கிறார்கள். இதை விட்டால் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரே ஒரு வார இறுதிதான் இருக்கிறது. கைபேசியில் ஊட்டிக்குப் பார்த்தால் ஒரு மேகமும் சில துளிகளும் போட்ட படம்தான் தெரிகிறது. குடையும் ஸ்வெட்டரும் போதும் என்று நினைக்கிறேன்.

கோவை சித்தப்பா (9.24): அந்தப் படத்தை நம்பி மலை ஏற வேண்டாம், தம்பி. நீலகிரிக்கும் கோவை மாவட்ட மலைப்பகுதிகளுக்கும் நாளையும் நாளை மறுநாளும் சென்னை வானிலை ஆய்வு மையம் அதி கனமழைக்கான சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டக்கூடும் என்பதைத்தான் அவர்கள் அதி கனமழை என்கிறார்கள். கைபேசிப் படத்தில் இரண்டு சென்டிமீட்டர் மழைக்கும் இருபது சென்டிமீட்டர் மழைக்கும் அதே மேகம்தான், அதே துளிகள்தான்.

அண்ணி (9.31): சித்தப்பா, அந்த அறிக்கையை நானும் படித்தேன். அதில் ‘ஓரிரு இடங்களில்’ என்றுதானே போட்டிருக்கிறார்கள்? மாவட்டம் முழுவதற்கும் இல்லையென்றால், நாம் போகும் இடத்தில் பெய்யாமலும் இருக்கலாம் அல்லவா?

கோவை சித்தப்பா (9.50): நல்ல கேள்வி, அம்மா. மாவட்டத்திலுள்ள மழைமானிகளில் கால்பங்குக்கு மிகாமல் அந்த அளவு பதிவாகலாம் என்பதையே ‘ஓரிரு இடங்கள்’ என்று எழுதுகிறார்கள். சமவெளியில் கோடை இடிமழைக்கு இப்படிச் சொன்னால் அது எந்த ஊர் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் நீலகிரியில் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, வீசும்போது அந்த இடங்கள் எவை என்பது மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்: அவலாஞ்சி, அப்பர் பவானி, கூடலூர், தேவாலா, பந்தலூர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இப்போது கொங்கண் கடற்கரைக்கு அருகே அரபிக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இருக்கிறது. அது ஈரக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கி இழுத்துக்கொண்டே இருப்பதால், அந்தக் காற்று மேற்குச் சரிவில் ஏறிக் குளிர்ந்து, சுமையை அங்கேயே இறக்கிவிட்டு, கிழக்கே வெறும் காற்றாக இறங்குகிறது. உங்கள் திருச்சிக்கு ஆடியில் மழை வராமல் காற்று மட்டும் வருவதும் இதனால்தான்.

நான் (10.02): அப்படியானால் ஒரு சந்தேகம், சித்தப்பா. குன்னூர் மலையின் கிழக்குப் பக்கம்தானே இருக்கிறது? குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெருமழை என்று அத்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஊட்டியை விட்டுவிட்டு அத்தை வீட்டோடு இருந்துவிட்டுத் திரும்பினால் என்ன?

குன்னூர் அத்தை (10.40): நீ நினைவு வைத்திருப்பது சரிதான், கண்ணா. 2009 நவம்பரில் குன்னூரிலும் சுற்றுப்புறத்திலும் மண்சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்களே, அது வடகிழக்குப் பருவமழையில் வந்தது. இந்த மேல்காற்று மழை எங்களுக்குச் சாரலாகத்தான் வந்து சேரும். கூடலூரில் பெய்வதில் சிறு பங்குகூட இங்கே பெய்யாது. ஆனால் காற்று மேற்கு, கிழக்கு என்று பார்க்காது. நேற்றிரவு எங்கள் தெருமுனையில் ஒரு கற்பூர மரத்தின் கிளை முறிந்து மின்கம்பியின் மேல் விழுந்தது. நனைந்த மண்ணில் நிற்கும் அந்த உயரமான மரங்களைப் பார்த்தால் இத்தனை வருடம் இங்கே இருந்த எனக்கே அச்சமாக இருக்கிறது. பர்லியாரிலிருந்து மேலே வரும் சாலையில் எத்தனை மரம், எத்தனை வளைவு என்று உங்களுக்கே தெரியும். வந்த பிறகு பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடப்பார்களா? பைக்காரா போகலாம், தொட்டபெட்டா போகலாம் என்பார்கள். மேற்கே போகப் போக மழை கூடும். நீங்கள் வருவீர்கள் என்று வர்க்கி வாங்கி வைத்துவிட்டு வழியைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். நானே சொல்கிறேன், இந்த முறை வர வேண்டாம்.

அண்ணன் (11.15): சரி அத்தை, வரவில்லை. வேன்காரரிடம் சொல்லிவிட்டேன், முன்பணத்தில் பாதியைத் திருப்பித் தருகிறார். சின்னவள் அழுதுகொண்டிருக்கிறாள்.

கோவை சித்தப்பா (பிற்பகல் 1.20): கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இன்று தொடங்கிவிட்டதாக வானிலை ஆய்வுத் துறை அறிவித்துவிட்டது. வழக்கமான நாள் ஜூன் 1. ஆக, எட்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. 2009-இல் மே 23 அன்று வந்த பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. இது ஒரு நாள் கோடை மழையன்று, பருவமே இறங்கிவிட்டது என்பதால், திங்களன்று வானம் தெளிந்துவிடும் என்று எண்ணி ஞாயிறு இரவு புறப்படுவதும் சரிவராது.

அண்ணி (1.34): அடுத்த சனிக்கிழமை 31ஆம் தேதி வரலாமா என்று இப்போதே முடிவு செய்ய முடியுமா, சித்தப்பா?

கோவை சித்தப்பா (1.52): முடியாது, அம்மா. ஐந்து நாளுக்கு அப்பால் சொல்லப்படும் முன்னறிவிப்பை வைத்து வண்டி பேசக் கூடாது. தொடங்கியவுடன் ஓங்கிப் பெய்யும் பருவமழை சில நாளில் ஓய்வதும் உண்டு, ஓயாமல் நீடிப்பதும் உண்டு. வியாழக்கிழமை மதிய அறிக்கையைப் பாருங்கள். நீலகிரி மஞ்சளுக்கு இறங்கியிருந்து, காற்றின் வேகமும் தணிந்திருந்தால் அத்தையிடம் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்; ஆரஞ்சாக இருந்தால் வீட்டிலேயே இருங்கள்.

2025 மே 25, ஞாயிற்றுக்கிழமை

குன்னூர் அத்தை (மாலை 6.45): எல்லோருக்கும் ஒரு செய்தி. இங்கே மழை நின்று நின்றுதான் பெய்கிறது, காற்று மட்டும் ஓயவில்லை. தொட்டபெட்டாவையும் பைன் காட்டையும் மூடிவிட்டார்கள். ஊட்டி – கூடலூர் சாலைப் பக்கம், கேரளத்திலிருந்து சுற்றுலா வந்த குடும்பத்தின் 15 வயதுப் பையன் மேல் மரம் விழுந்து இறந்துவிட்டான் என்கிறார்கள். நம் பெரியவன் வயதுதான். கேட்டதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அண்ணன் (6.58): படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசத் தோன்றவில்லை, அத்தை. நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்களா?

குன்னூர் அத்தை (7.05): இருக்கிறோம். மதியமே மின்சாரம் போய்விட்டது, கைபேசியில் சார்ஜ் குறைந்துகொண்டே வருகிறது. அது தீர்வதற்குள், எட்டு மணிக்கு முன்னால், பிள்ளைகளைப் பேசச் சொல். அவர்கள் குரலைக் கேட்க வேண்டும்.