ஜெராக்ஸ் பாடத்தை என்விடிஏ வாசிக்க: தில்லியில் படிக்கும் பார்வையற்ற மாணவர்களுக்குப் பார்த்ததும் செய்ததும்

முனிர்கா வாசகர்:
இங்கே பி.ஏ., எம்.ஏ. படிக்கும் பார்வையற்ற பிள்ளைகளுக்குச் சிரமம் பாடத்தில் இல்லை, அது கைக்கு வரும் விதத்தில்தான். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருளுக்கு எழுத்து வேண்டும், படம் போதாது. வகுப்புக் குழுவில் வாட்ஸ்அப்பில் வருவது பெரும்பாலும் போனில் படம் பிடித்த பிடிஎஃப். கோப்பு வந்ததும் முதலில் கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி கொடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஒன்றுமே விழவில்லை என்றால் அது வெறும் படம், ஓசிஆர் செய்தாக வேண்டும், அதாவது படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டினால் பாமினி மாதிரிப் பழைய எழுத்துரு. அதற்கு, இன்றைய பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள் போதும். எந்த எழுத்துரு என்பதை அக்ரோபாட் ரீடரில் கன்ட்ரோல் டி அழுத்தி, ஃபான்ட்ஸ் பகுதியில் பார்க்கலாம்.

ஸ்கேன் செய்து தருபவர்கள் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வையுங்கள், ஒரு படத்துக்கு ஒரு பக்கம் மட்டும். புத்தகத்தை விரித்து இரு பக்கத்தையும் சேர்த்து எடுத்தால் இடப்பக்கத்து வரியோடு வலப்பக்கத்து வரி கலந்துவிடும். நடுமடிப்பில் நிழல் விழுந்தால் வரிக்கடைசிச் சொற்கள் காணாமல் போகும். பேனாவால் அடிக்கோடிட்ட பிரதி வேண்டவே வேண்டாம், உகர ஊகாரக் குறிகள் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழை நன்றாகவே எடுக்கிறது. நீளமான கோப்பைப் பத்துப் பத்துப் பக்கமாகப் பிரித்து ஏற்றுவது நல்லது. டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளைப் பயன்படுத்தினால் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் மொழியாகக் கொடுங்கள். தமிழ் மட்டும் கொடுத்தால் ஆங்கில நூற்பெயரெல்லாம் தமிழ் எழுத்துக் கூளமாகிவிடும்.

ஆர்.கே.புரம் அக்கா:
தம்பி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓசிஆர் முடிந்த கையோடு அனுப்பிவிடாதீர்கள். துணைக்கால் 'ர' ஆகிவிடும், 'காலம்' என்பது 'கரலம்' என்று நிற்கும். கண்ணுக்குத் தப்பினாலும் காதுக்குத் தப்பாது. 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்து இருந்தால் என்விடிஏ 'ஔவை'யை 'ஒ-ள-வை' என்று பிரித்துத்தான் படிக்கும். பழைய எழுத்துருவில் கொம்பை எழுத்துக்கு முன்னால் தட்டியிருப்பார்கள். மாற்றும் மென்பொருள் அந்த வரிசையைத் திருப்பாவிட்டால் 'கொடி' உடைந்து கொம்பு தனியாக நிற்கும். ஒரே பிழை நூறு இடத்தில் இருக்கும் என்பதால் ஃபைண்ட் ரிப்ளேஸில் தீர்ந்துவிடும்.

வேர்டில் தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினால் மட்டும் போதாது, ஹெடிங் ஸ்டைல் கொடுங்கள். அப்போதுதான் என்விடிஏவின் உலவல் முறையில் ஹெச் விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியும். அடிக்குறிப்புகளை அத்தியாய முடிவுக்குத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் வாக்கியத்தின் நடுவே புகுந்துவிடும். மூல நூலின் பக்க எண் தனி வரியில் இருக்கட்டும், மேற்கோள் காட்ட அது வேண்டும்.

சிலர் அன்போடு வாசித்து ஒலிப்பதிவாக அனுப்புகிறார்கள். கதை கேட்க அது நல்லதுதான். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு சொல்லின் எழுத்தைச் சரிபார்க்க உரைதான் வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன், பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்கள் உள்ள இணைய நூலகமான சுகம்யா புஸ்தகாலயாவில் அந்த நூல் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். பதிப்புரிமை பற்றிப் பயம் வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவத்தில் ஆக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் இடம் தந்திருக்கிறது.

மயூர் விகார் வாசகர்:
தேர்வு பற்றியும் சொல்லியாக வேண்டும். மாற்றுத்திறனாளிகள் தேர்வெழுத மத்திய அரசு தந்த 2018 வழிகாட்டுதலில் ஒரு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் இருந்தது, அதாவது மூன்று மணித் தாளுக்கு ஒரு மணி நேரம். மாணவர் சொல்லச் சொல்ல விடையை எழுதித் தருபவரை இரண்டு நாள் முன்பே சந்திக்கவும் அதில் இடம் இருந்தது. விதிகள் பிறகு திருத்தப்பட்டிருப்பதால் அந்தந்தப் பருவத்துச் சுற்றறிக்கையையும் பாருங்கள். இந்த வசதிகளைக் கேட்கும் விண்ணப்பத்தோடு யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலை வைத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே, எழுதித் தருபவர் கிடையாது என்று யாராவது தட்டிக் கழித்தால், 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைக் காட்டுங்கள்.

தமிழ்த் தாளுக்குத் தமிழ் எழுதத் தெரிந்தவர் கிடைப்பதுதான் இங்கே பெரிய பாடு. தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் தமிழ் படித்த பிள்ளைகளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சந்திக்கும் நாளில் ஒரு முழு விடையைச் சொல்லி எழுத வைத்துப் பாருங்கள். 'மூணு சுழி ண', 'ரெண்டு சுழி ன', 'வல்லின ற' என்று எப்படிச் சொல்வது, ஒற்று வருமிடத்தில் எப்படி நிறுத்துவது என்பதையெல்லாம் இருவரும் அன்றைக்கே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.